இறுகிக்கொண்டால் முறுக்காதீர்!



எங்கள் தமிழ்ப்பள்ளியில் புகைப்படக் கழகம் ஒன்றை நடத்தி வருகிறேன் என்று சொன்னதும், மற்றப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அவ்வளவு விலையுள்ள கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறீர்களா? உடைத்துவிட மாட்டார்களா?” என்பதே அது. பிள்ளைகள் எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

கேள்வி நியாயமானதே. பள்ளிக் கேமரா யாருடைய தனிச்சொத்தும் அன்று. எங்களுடையது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் விடுமுறை நாளில் பலகாரம் சுட்டு விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நான் கண்ட அளவில், கேமரா கீழே விழுந்து பழுதாவதைவிட, அதில் பூட்டும் சின்னஞ்சிறு துணைப்பொருள்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் பழுதாவதே மிகுதி. லென்ஸின் முகத்தில் திருகப்படும் பில்டர் கண்ணாடி, பக்கவாட்டு ஒளியை மறைக்கும் ஹூட், முன்மூடி, அடியில் பூட்டும் முக்காலித் தட்டு ஆகியவை என்றாவது ஒருநாள் இறுகிக்கொள்ளும். இறுகியதும் நாம் எல்லாரும் இயல்பாகச் செய்வது ஒன்றுதான். இன்னும் வலுவாக முறுக்குவோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இறுகிய வளையத்தைக் கழற்ற வலிமை வேண்டாம்; எங்கே, எப்படிப் பிடிப்பது என்ற அறிவு வேண்டும். அந்த அறிவைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வருவது.

முதலில், தொடாமல் காத்த ஒரு கேமராவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நல்ல கேமரா ஒன்று இருந்தது. அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. ஆசிரியர்களும் முன்னனுமதி இன்றித் தொடக்கூடாது. அலுவலகத்து இரும்பு அலமாரியில், தோல்பைக்குள், பூட்டிய நிலையில் அது உறங்கியது. ஈராண்டுக்குப் பின் ஒரு பரிசளிப்பு விழாவுக்காக வெளியே எடுத்தார்கள். பில்டர் அசையவில்லை. அங்கிருந்த ஒருவர் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு இடுக்கி கொண்டுவந்து வளையத்தை இரு பக்கமும் கவ்வித் திருகினார். வளையம் நெளிந்தது, கண்ணாடி விரிந்தது, பில்டர் மட்டும் கழலவில்லை. பின்னர்ப் பழுதுபார்க்கும் கடையில் அதை வெட்டி எடுத்தபோது, உள்ளே லென்ஸ் முழுவதும் சிலந்தி வலைபோல் பூசணம் படர்ந்திருந்தது தெரிந்தது. செப்பனிடும் செலவு, புது லென்ஸின் விலையை நெருங்கியது. யாரும் தொடாத அந்தக் கேமராவால் அதன்பின் ஒரு படமும் எடுக்க முடியவில்லை.

நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பூட்டிய இருட்டும் ஈரமும் பூசணத்துக்கு விருந்து. அதே ஈரம், கடற்கரைக்குக் கொண்டுபோன நாளில் படிந்த உப்போடு சேர்ந்து, அலுமினிய மரைகளுக்கிடையே வெண்பொடியாகப் பூத்து அவற்றைப் பற்றவைத்துவிடும். எனவே, பில்டர் இறுகாமல் இருக்கச் சிறந்த வழி, மாதம் ஒருமுறையாவது அதைக் கழற்றி மாட்டுவதுதான். நன்றாக மூடும் நெகிழிப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். தோல்பை அழகுதான், ஆனால் அது ஈரத்தைத் தேக்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

எங்கள் கழகத்தில் கேமராவைத் தொடுமுன் பிள்ளைகள் அதன் எண்களைப் படிக்கக் கற்கிறார்கள். லென்ஸின் முகத்தில் 18-55 என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 55 மில்லிமீட்டர் பில்டரை வாங்கி வந்த பெற்றோரை நான் அறிவேன். அந்த எண் லென்ஸின் குவியத் தூரத்தைக் குறிப்பது. பில்டரின் அளவு வேறிடத்தில், குறுக்குக்கோடு இட்ட வட்டக் குறியை அடுத்து எழுதப்பட்டிருக்கும். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82 என்பவை அடிக்கடி காணப்படும் அளவுகள். 18-55 என்று எழுதிய லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர் பில்டரோ 52 மில்லிமீட்டர் பில்டரோ தேவைப்படலாம். பொருந்தாத அளவை வலிந்து பொருத்த முயன்றால், பில்டரோடு லென்ஸின் மரையும் கெடும். பில்டரின் விலை சில பத்து ரிங்கிட். லென்ஸின் முன்வளையம் கெட்டால் செலவு பல நூறு ரிங்கிட்டுக்குப் போய்விடும்.

அடுத்து, மாட்டும் முறை. பில்டரின் மரை மிக நுண்ணியது. பெரும்பாலான அளவுகளில் ஒரு முழுச் சுற்றுக்கு அது நகரும் தூரம் 0.75 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஆகவே வளையம் சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கத்து மரை அடுத்த வரியில் ஏறிக்கொள்ளும். “மரை கழன்றவன்” என்று ஒருவரைக் கேலி செய்கிறோம். மரை மாறி ஏறியதுதான் அதைவிடத் தொல்லை.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. லென்ஸின் முகம் மேல்நோக்கி இருக்குமாறு கேமராவை மேசையில் வைக்க வேண்டும். பில்டரை அதன்மேல் மட்டமாக வைத்து, முதலில் எதிர்ப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுற்ற வேண்டும். மரையின் தொடக்கம் மற்றதன் தொடக்கத்தைத் தாண்டும் கணத்தில் “டிக்” என்று மெல்லியதோர் இறக்கம் விரல்நுனிக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, வலஞ்சுழியாகத் திருப்பினால் பில்டர் தானாக உள்ளே இறங்கும். இரு விரல்களின் நுனியால் சுற்றும் அளவுக்கு மேல் வலு தேவைப்பட்டால் ஏதோ தவறு என்று பொருள். திரும்பக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். முடிவில் வளையம் தொட்டு நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்” என்று இறுக்குவதால் ஒரு நன்மையும் இல்லை.

அந்த “டிக்” ஒலியைப் பிள்ளைகளுக்கு உணர்த்த நான் பயன்படுத்துவது கேமராவை அன்று; ஊறுகாய்ப் புட்டியை. நெகிழிப் புட்டியும் திருகுமூடியும் எல்லார் வீட்டிலும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூடியை எதிர்ப்பக்கம் சுற்றி, எங்கே இறங்குகிறது என்று கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட இவ்விளையாட்டை விரும்புவார்கள். புட்டியில் தேறியவர்கள் பழைய பில்டர்கள் இரண்டை ஒன்றோடொன்று திருகிப் பழகுவார்கள். அதிலும் தேறியவர்களே லென்ஸைத் தொடுவார்கள்.

இனி, இறுகிக்கொண்ட பில்டரைப் பற்றி. அது ஏன் முறுக்க முறுக்க இறுகுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு காகித வளையமே போதும். காகிதத்தை வட்டமாக ஒட்டி, இரு விரல்களால் எதிரெதிரே அழுத்துங்கள். அழுத்திய இடம் உள்ளே போகும். மற்ற இரு பக்கங்களும் வெளியே பிதுங்கும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பில்டரின் மெல்லிய உலோக வளையத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இதுவே நேர்கிறது. பிதுங்கிய இரு பக்கங்களும் லென்ஸின் மரையில் போய் அழுந்துகின்றன. நாம் எவ்வளவு பலமாகக் கவ்வுகிறோமோ, அவ்வளவு பலமாக அவை அங்கே பிடித்துக்கொள்கின்றன. அதாவது, கழலவிடாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் நம் விரல்களே!

இந்தக் காகித வளையத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஓராண்டில்தான் எங்கள் கழகத்துக் கேமராவின் பில்டரும் உண்மையிலேயே இறுகிக்கொண்டது. விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் அது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்தான் கடைசியாக அதை மாட்டியவன். “நீதான் இறுக்கினாய்” என்று மற்றவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்று முழுவதும் அந்தக் கைகள் முன்னால் வரவேயில்லை. பெற்றோரின் தொழிலைக் குறிக்கும் படிவத்தில் தந்தையின் பெயருக்கு நேரே “வேலை” என்று மட்டுமே எழுதும் பிள்ளை அவன். தந்தை லாரிப் பட்டறையில் எஞ்சின் பழுதுபார்ப்பவர் என்பது எனக்கு வேறு வழியாகத் தெரியும்.

மாலையில் அவனை அழைத்துச் செல்ல வந்த தந்தையிடம் செய்தியைச் சொன்னேன். பிள்ளையைக் குறை கூறவில்லை. வளையம் இறுகியிருக்கிறது என்று மட்டுமே சொன்னேன். அவர் கேமராவைக் கையில் வாங்கவில்லை. கையில் மசகு இருக்கிறது என்று தயங்கி, குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “டீச்சர், லாரி எஞ்சின்லயும் பில்டர் இருக்கு. எண்ணெயை வடிக்கிற பில்டர். அதையும் திருகித்தான் மாட்டுவோம். ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சா தகரம் நசுங்கிடும். பட்டையைச் சுத்திப் போட்டு இழுத்தா சுகமா வந்துடும். மாட்டும்போது வெறும் கையாலதான் இறுக்கணும்.”

மறுநாள் அவர் பழைய சைக்கிள் டியூபிலிருந்து விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பில்டரின் விளிம்பைச் சுற்றி இறுகப் பொருத்தினோம். ஐந்து விரல்களையும் சுற்றிலும் பரப்பி, நசுக்காமல், தொட்டுத் திருப்பினால் போதும். வழுக்காத ரப்பர், குறைந்த அழுத்தத்திலேயே வளையத்தைப் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் இரண்டு இடங்களில் குவியாமல் சுற்றிலும் பரவுவதால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது. திருப்பியது அந்தப் பையன்தான். மூன்றாவது முயற்சியில் பில்டர் கழன்றது.

அடுத்த சனிக்கிழமை அவன் தந்தை பட்டறையிலிருந்து பட்டைச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து, கழகத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் அதன் வேலையைக் காட்டினார். எஞ்சின் பில்டரும் கேமரா பில்டரும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அவர் பொறுமையாக விடை சொன்னார். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அப்பையன் தந்தையின் தொழிலை முழுமையாக எழுதியிருந்தான். அதைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சைக்கிள் டியூப் இல்லாதவர்கள் அகலமான ரப்பர் வளையத்தைப் பயன்படுத்தலாம். கடைகளில் பில்டர் கழற்றுவதற்கென்றே அரைவட்ட வடிவ நெகிழிப் பிடிகள் இணையாக, மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டு பில்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஆளுக்கொன்றாக இரண்டு பிடிகளையும் மாட்டி எதிரெதிரே திருப்ப வேண்டும். எந்தப் பிடியானாலும் மென்மையாகவே அணைக்க வேண்டும். மேலும் நெருக்கினால் முட்டை வடிவக் கதைதான்.

இன்னொரு வழியும் உண்டு. கணினி எலிக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பைத் துடைத்து மேசையில் வைத்து, லென்ஸைத் தலைகீழாக்கி, பில்டரின் விளிம்பு விரிப்பில் சமமாகப் படியுமாறு நிறுத்த வேண்டும். பில்டரின் கண்ணாடி விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி விரிப்பில் உரசக்கூடாது. பிறகு லென்ஸின் முன்பகுதியைப் பிடித்து, இலேசாக அழுத்தியபடி, புட்டி மூடியைத் திறப்பதுபோல் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் பிடிபடுவதால் வளையம் நெளிய வழியில்லை.

எந்த முறையைக் கையாண்டாலும் மற்றக் கை எதைப் பிடித்திருக்கிறது என்பது முக்கியம். பலர் ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பில்டரைத் திருகுவார்கள். அந்த விசை முழுவதும் லென்ஸின் உட்பகுதி வழியாகக் கேமரா வரை செல்கிறது. பழைய 18-55 லென்ஸ்கள் பலவற்றில், குவியம் சரிசெய்யும்போது முன்வளையமே சுழலும். அதில் மாட்டிய பில்டரைத் திருகினால் உள்ளிருக்கும் நுண்ணிய பற்சக்கரங்களையும் சேர்த்தே திருகுகிறோம். ஆகவே தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, பில்டருக்கு அடுத்துள்ள முன்வளையத்தையே மறு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலும் இரண்டு வளையங்களையும் அருகருகே பிடித்தால், விசை உள்ளே போகாது.

சில நேரங்களில் பில்டர் இறுகியே இராது. நாம் பிடித்த இடம்தான் தவறாக இருக்கும். நீரிலும் இலையிலும் தோன்றும் பளபளப்பைக் குறைக்கப் பயன்படும் போலரைசர் பில்டரில் இரண்டு வளையங்கள் உண்டு. முன்வளையம் தாராளமாகச் சுழலும். அதைச் சுழற்றித்தான் பளபளப்பைக் கட்டுப்படுத்துவார்கள். லென்ஸில் திருகியிருப்பது பின்னாலுள்ள மெல்லிய வளையம். ஒருமுறை ஆண் பிள்ளைகள் மூவர் முன்வளையத்தை மாறி மாறிச் சுற்றிக் களைத்துப்போயிருந்தார்கள். அருகில் நின்ற மாணவி ஒருத்தி, வகுப்பில் அதிகம் வாய் திறவாதவள், “டீச்சர், இது இறுகவில்லை. சுற்றுகிற வளையம் வேறு, பூட்டியிருக்கிற வளையம் வேறு” என்றாள். பின்வளையத்தை நகநுனிகளால் தொட்டுத் திருப்பினாள், வந்துவிட்டது. முதலில் பார், பிறகு பிடி, கடைசியில் திருப்பு என்ற எங்கள் கழகத்து ஒழுங்குமுறை அன்றுதான் அமைந்தது. போலரைசரைப் பயன்படுத்தும்போது எப்போதும் மாட்டும் திசையிலேயே சுழற்றினால், அது படம் எடுக்கும் நடுவில் கழன்று விழாது என்பதையும் அன்று பழகிக்கொண்டோம்.

செய்யக்கூடாதவை சிலவற்றையும் சொல்ல வேண்டும். இடுக்கி வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது மரையோடு நில்லாமல் மெல்லப் படர்ந்து கண்ணாடிக்கும் உள்ளிருக்கும் திறப்பு இதழ்களுக்கும் போய்விடும். மரையில் பென்சில் கரியைத் தேய்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் கரித்தூள் கண்ணாடியில் உதிரும். ஈரமான காற்றில் கரி, அலுமினியத்தின் அரிப்பைத் தூண்டும். நம் ஊருக்கு அது ஏற்றதன்று. உலர்ந்த, மென்மையான பல்துலக்கியால் மரையைத் துடைத்தாலே போதும்.

குளிர்பெட்டியில் வைத்தால் உலோகம் சுருங்கிக் கழன்றுவிடும் என்று சொல்வாரும் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். 58 மில்லிமீட்டர் அலுமினிய வளையம் 20 பாகை செல்சியஸ் குளிர்ந்தால், அதன் விட்டம் ஏறத்தாழ 0.027 மில்லிமீட்டர்தான் சுருங்கும். அதே நேரத்தில் அதைச் சூழ்ந்துள்ள லென்ஸின் வளையமும் சுருங்குகிறது. அது நெகிழியானால், நெகிழி பொதுவாக உலோகத்தைவிட அதிகம் சுருங்கும் தன்மையது. உள்ளிருக்கும் பில்டரை அது இன்னும் நெருக்கவே கூடும். இதற்கிடையே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் கேமரா முழுவதும் நீர் முத்துகள் அரும்பும். பூசணத்துக்கு நாமே விதை தூவியதாகிவிடும்.

ஹூடுக்கு வருவோம். இது பெரும்பாலும் மரையால் திருகப்படுவதன்று. புள்ளிக்குப் புள்ளி பொருத்திச் சிறிது திருப்பிப் பூட்டுவது. இறுக்கமாக இருந்தால் அநேகமாக மணல் துகளே காரணம். திடலிலும் கடற்கரையிலும் படம் எடுத்தபின் காடியைத் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். இதழ் வடிவ ஹூடை அதன் நுனியில் பிடித்துத் திருப்பினால் நெகிழி வளைந்து பூட்டு மேலும் இறுகும். அடிப்பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். சரியாகப் பூட்டாத ஹூட், படத்தின் மூலைகளில் கருநிழலாக வந்து நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

லென்ஸையே கழற்றும்போது பழக்கத்தை நம்பக் கூடாது. 1959இல் வந்த நிக்கானின் எப் பூட்டும் 1987இல் வந்த கேனனின் ஈஎப் பூட்டும் எதிரெதிர்த் திசைகளில் திரும்புபவை. முன்னால் நின்று பார்த்தால், கேனன் லென்ஸை வலஞ்சுழியாகத் திருப்பிப் பூட்டுவோம்; நிக்கான் லென்ஸை இடஞ்சுழியாகத் திருப்பிப் பூட்டுவோம். ஒன்றில் பழகிய கை மற்றதில் “இறுகிவிட்டது” என்று முறுக்கினால், விடுவிப்புப் பொத்தானின் ஊசிதான் தாங்க வேண்டியிருக்கும். பொத்தானை முழுதும் அழுத்தியிருக்கிறோமா, திசை சரியா என்று பார்த்த பிறகே கையை அசைக்க வேண்டும்.

முக்காலித் தட்டின் திருகாணி கால் அங்குல விட்டமுடையது. ஓர் அங்குலத்துக்கு 20 மரைகள். அதை நாணயத்தால் இறுக்கும் வசதி இருப்பதால், பலர் ஆணி அடிப்பதுபோல் இறுக்கிவிடுவார்கள். விரலால் இறுக்கிய பின் நாணயத்தால் ஒரு சிறு திருப்பம் போதும். தட்டு அசையாவிட்டால் வேலை முடிந்தது.

இவ்வளவும் செய்தும் கழலவில்லையென்றால்? விட்டுவிட வேண்டும். வளையம் நெளிந்திருந்தாலோ, மரை மாறி ஏறியிருந்தாலோ பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே முறை. கண்ணாடி மட்டமாகவும் தெளிவாகவும் இருக்கும்வரை பில்டரோடு சேர்த்தே படம் எடுக்கலாம், குடிமுழுகிப் போகாது. பில்டரின் கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் பிள்ளைகள் தொடக்கூடாது. பெரியவர் ஒருவர் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, சில்லுகளைத் தூரிகையால் உதிர்க்க வேண்டும். துணியால் துடைத்தால் சில்லுகள் லென்ஸைக் கீறிவிடும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதையும் நான் பாடமாகவே நடத்துகிறேன். “டீச்சர், எனக்கு வரவில்லை, நீங்கள் பாருங்கள்” என்று சொல்லும் பிள்ளைக்கு எங்கள் கழகத்தில் கைதட்டல் உண்டு. மறைத்து வைத்து இரகசியமாக முறுக்கும் பிள்ளை உருவாவது, அவ்வாறு சொன்னவனைத் திட்டும் இடத்தில்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். “தொடாதே, உடைத்துவிடுவாய்” என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை பொருளை மதிக்கக் கற்பதில்லை. தன் கையை அஞ்சக் கற்கிறது. அஞ்சிய கை நடுங்கும். நடுங்கும் கை தேவைக்கு மேல் இறுகப் பிடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது கைவேலைக்கும் பொருந்தும். பிள்ளைக்குப் பொருளைக் கொடுக்குமுன் அதன் பிடியைக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ சமையற்கட்டிலோ நாள்தோறும் கையாளும் பிடிகளுள் ஒன்று, எங்கள் பாடநூலில் இல்லாததாக இருக்கலாம். அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி அலமாரியிலும் கேமரா ஒன்று உறங்குமானால், நாளைக் காலை அதை வெளியே எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து லென்ஸினுள் வெள்ளை நூல்போல் ஏதேனும் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்டரைக் கழற்றுங்கள், மரையைத் துடையுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றி “டிக்” என்று இறங்கியதும் மீண்டும் மாட்டுங்கள். வகுப்பில் மிகவும் அஞ்சும் பிள்ளை எதுவோ, அதைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். இரண்டாம் முறை அந்தப் பிள்ளையே செய்யட்டும்.